செல்வி டெய்லர்ஸ் என்றொரு மாணவி

செப்டம்பர் 1, புதன்

பள்ளி மறுபடி திறந்தது. என் பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். வர விருப்பம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தவர்கள் இருபத்து நான்கு, அவர்கள் எதிரே பெஞ்சில். மீதிப் பதினேழு பேர் வீட்டில், அவர்கள் லேப்டாப்பில். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேதியியலை நான் நடத்த வேண்டும். இதற்கு 'ஹைபிரிட்' என்று பெயர் சொன்னார் தாளாளர் பழனிவேலப்பன். பல்லடத்தில் இதுவரை தக்காளி நாற்றுக்குத்தான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தினமும் வகுப்பு எப்படிப் போனது என்று ஆசிரியர்கள் குறிப்பு எழுத வேண்டுமாம். அவருக்குக் கொடுக்கும் நோட்டில் 'நன்றாக நடந்தது' என்று எழுதிவிட்டேன். இது என் சொந்த நோட்டு.

மேசைமேல் லேப்டாப். பக்கத்தில் வட்டமாக ஒரு மைக், வகுப்பில் யார் பேசினாலும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக. என் தலையில் ஹெட்செட். கரும்பலகை, லேப்டாப், பெஞ்ச், மறுபடி கரும்பலகை என்று நாற்பத்தைந்து நிமிடமும் நடந்துகொண்டே இருந்தேன். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை, மனசும்தான்.

வீட்டுப் பிள்ளைகள் பேசுவது காதுக்குள்ளேயே வந்து உட்கார்கிறது. முகமும் பளிச்சென்று தெரிகிறது. எதிரில் இருப்பவர்கள்தான் மாஸ்க்குக்குள் முனகுகிறார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று ஐந்து தடவையாவது கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 2, வியாழன்

சாதம் குழைந்துவிட்டது. குக்கர் விசிலே அடிக்கவில்லை. "ஏழு அடிச்சுது திலகா, நான் ஹால்ல உக்காந்து எண்ணிட்டேதான் இருந்தேன்" என்கிறார் இவர். எண்ணத் தெரிந்தவருக்கு எழுந்து வந்து அடுப்பை அணைக்கத் தெரியாதா? கேஸ்கட் மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 6, திங்கள்

ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார் தாளாளர். வகுப்பும் கேட்க வேண்டும் அல்லவா என்றார். சரி என்று ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மூன்று மின்விசிறிகளும் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றினால் யாருக்குத்தான் கேட்கும்? இரண்டை அணைக்கச் சொன்னேன். பிள்ளைகள் வியர்த்து வழிந்தார்கள்.

முன்பெல்லாம் நான் பெஞ்ச் பெஞ்சாகப் போய்க் குனிந்து கேட்பேன். இருபத்தாறு வருடப் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடைசி நாலு வருடப் பழக்கம் அது. இப்போது ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி.

செப்டம்பர் 8, புதன்

லேப்டாப்பில் புதிதாக ஒரு பெயர்: 'செல்வி டெய்லர்ஸ்'. பிள்ளைகள் அப்பா அம்மா போனில் நுழைந்தால் இப்படித்தான் வரும். போன வருடம் முழுக்க 'ஸ்ரீ அங்காளம்மன் கோழித் தீவனம்' எனக்கு ரெக்கார்டு நோட் சமர்ப்பித்துக்கொண்டிருந்தது.

செல்வி டெய்லர்ஸ் கேமராவையும் போடவில்லை, மைக்கையும் போடவில்லை. ஆனால் சாட்டில் வரிசையாகக் கேள்வி. 'மேம், கேத்தோடில் ஏன் ஒடுக்கம் நடக்குது?' 'மேம், உப்புப் பாலம் இல்லைன்னா என்ன ஆகும்?' எல்லாம் ஒருவரே கேட்பது. ஒவ்வொன்றும் வேறு வேறு மூளை கேட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் பதில் சொன்னேன். வருகைப்பதிவு வேறொரு லிங்க்கில் போவதால் இது எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, வெள்ளி

விநாயகர் சதுர்த்தி. உண்மையான கொழுக்கட்டை செய்தேன். மாவு கொஞ்சம் கெட்டி, இவர் ஒன்றும் சொல்லாமல் எட்டு சாப்பிட்டார்.

பட்டுப் புடவை எடுக்கும்போது பீரோ அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே கோயம்புத்தூர் டாக்டர் எழுதிய அந்தத் தாள் இருந்தது. கட்டம் போட்டு, படியிறங்குவது மாதிரி ஒரு கோடு. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதெல்லாம் வயதானவர்களுக்கு எழுதுவது. எனக்கு ஐம்பத்தொன்று.

"இன்னொருக்கா போயி பாத்துட்டு வரலாமா?" என்றார் இவர், எதிரில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து. எப்போதுமே இவர் எதிரில் வந்துதான் பேசுவார். கொழுக்கட்டை இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 13, திங்கள்

கேஸ்கட் மாற்றியும் பயனில்லை. இப்போது வெயிட்டு வால்வு.

செப்டம்பர் 15, புதன்

தாளாளர் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் சேர்த்து ஒரே ஆசிரியர் எடுத்தால் போதும் என்று யோசிக்கிறாராம். பாதிப் பேர் லேப்டாப்பில்தானே, பெஞ்சில் இடம் இருக்கிறது என்று கணக்கு. வேதியியலுக்கு நானும் அருள்மொழியும். "யாரு ரெண்டு பக்கமும் சமாளிக்கறாங்கன்னு பாப்போங்க மேடம். திங்கக்கெழம உங்க கிளாஸ்ல வந்து உக்கார்றேன்" என்றார். அருள்மொழிக்கு முப்பத்திரண்டு வயது.

தாளாளரின் மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

இந்த வேலை போனால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து விசில் எண்ண வேண்டியதுதான். ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியாமல் வராந்தாவில் நாலு சுற்று நடந்தேன்.

செப்டம்பர் 17, வெள்ளி

இன்று வகுப்பில் திட்டிவிட்டேன். "வீட்ல உக்காந்துட்டு ஒரு புள்ள எத்தன கேள்வி கேக்குது பாருங்க. நேர்ல வந்து உக்காந்துட்டு நீங்க இருபத்து நாலு பேரும் மரக்கட்டை மாதிரி இருக்கீங்க. அந்த செல்வி டெய்லர்ஸைப் பாத்துக் கத்துக்கங்க."

இரண்டாவது பெஞ்சில் மோனிஷா மட்டும் குனிந்துகொண்டாள். வெட்கம் இருக்கிறதே, அதுவரைக்கும் நல்லது. கெட்டிக்காரிதான், தேர்வில் எப்போதும் முதல் மூன்றுக்குள். ஆனால் பள்ளி திறந்த நாளிலிருந்து இவளும் வாயைத் திறப்பதில்லை. என்னைப் பார்ப்பதும் குனிவதுமாகவே இருக்கிறாள்.

செப்டம்பர் 20, திங்கள்

தாளாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சாக்பீஸ் இரண்டு தடவை நழுவியது.

ஆனால் வகுப்பு இவ்வளவு நன்றாக எந்த நாளும் போனதில்லை. வலது ஓரத்தில் ஒரு பையன் கை தூக்கினான். நான் அவனைப் பார்ப்பதற்குள் சாட்டில் செல்வி டெய்லர்ஸின் கேள்வி வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வகுப்பைப் பார்த்தே பதில் சொன்னேன். அந்தப் பையனுக்கும் சந்தேகம் அதுதான் போலிருக்கிறது, தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். இப்படியே மூன்று நாலு தடவை. போகும்போது தாளாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். "ரெண்டு பக்கமும் சமமாப் பாத்துக்கறீங்க மேடம். மத்த டீச்சர்ஸுக்கும் ஒரு நாள் நீங்க இத நடத்திக் காட்டோணும்."

வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். இவர் எதற்கு என்று கேட்டதற்குச் செல்வி டெய்லர்ஸுக்கு என்றேன். விழித்தார்.

செப்டம்பர் 22, புதன்

வால்வும் மாற்றியாகிவிட்டது. சாம்பார் அடிப்பிடித்தது.

செப்டம்பர் 24, வெள்ளி

இன்று வகுப்பில் சிரித்தார்கள். நான் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் இருபத்து நாலு பேரின் கண்ணும் சிரிக்கிறது. லேப்டாப்பில் பதினேழு பேரும் பல்லைக் காட்டுகிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒரு பெண் ஏதோ சொன்னாள். இன்னொரு தடவை சொல் என்று கேட்க மனம் வரவில்லை. நானும் சிரித்துவைத்தேன். சிரித்தது தப்பான இடத்தில் போலிருக்கிறது, அவர்கள் சட்டென்று அடங்கிவிட்டார்கள்.

என்னைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். ஸ்கூட்டரில் வரும்போது முழுக்க அதுதான் ஓடியது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஒன்று எவ்வளவு நேரம் பின்னால் ஹாரன் அடித்ததோ தெரியாது, ஓட்டுநர் பக்கத்தில் வந்து கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27, திங்கள்

மோனிஷாவைப் பிடித்துவிட்டேன்.

பெஞ்சுக்கு அடியில் போன். இரண்டு கட்டை விரலும் டைப் அடித்துக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைச் சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. என்னைப் பற்றி என்னென்ன எழுதி யார் யாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாளோ! ஆறடி விதியெல்லாம் மறந்து போய்ப் பிடுங்கினேன். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அணைத்து மேசை இழுவையில் போட்டேன். திரையில் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன் என்று நினைத்தேன்.

"யாருக்கு அனுப்பறே?" என்று கேட்டேன். முகத்தை நிமிர்த்தினாள், அவ்வளவுதான். "வாயில கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு." கண் மட்டும் நிறைந்தது. அதற்கப்புறம் அசையவே இல்லை. நான் கத்தியது பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

தாளாளர் உத்தரவு: போன் அரையாண்டுத் தேர்வு வரை அலுவலக பீரோவில் இருக்கும். மோனிஷா இனி நேரில் வரக் கூடாது, ஆன்லைனில் மட்டும். நாளை அம்மாவோடு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 28, செவ்வாய்

மோனிஷாவின் அம்மா வந்தாள். ஒல்லியாக, நைந்த துணி மாஸ்க் போட்டு, தோள்பட்டைச் சேலையில் ஓர் ஊசி குத்தியிருந்தது, எடுக்க மறந்துவிட்டாள் போல. அலுவலகத்தில் ஒன்றும் பேசவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தி என்னமோ சொன்னாள். கெஞ்சினாள் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே விளையாட்டு மைதானத்து மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது. "ரூல்ஸ் ரூல்ஸ்தாங்கம்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இவர் டம்ளரை வைத்துவிட்டு எதிரில் வந்தார். "போனையும் வாங்கி பீரோவுல வெச்சுட்டு ஆன்லைன்ல வான்னா, அந்தப் புள்ள எதுல வருவா திலகா?"

வீட்டில் இன்னொரு போன் இல்லாமலா இருக்கும் என்றேன். ஆனால் அதிலிருந்து வேலை ஓடவில்லை. துவைத்த துணியையே எடுத்து மறுபடி நனைத்துவிட்டேன்.

செப்டம்பர் 29, புதன்

செல்வி டெய்லர்ஸ் வரவில்லை. திங்கட்கிழமையும் பாதியிலேயே போய்விட்டது போலிருக்கிறது. மோனிஷாவும் ஆன்லைனில் இல்லை.

ஒரே ஒரு கேள்விகூட இல்லாமல் நாற்பத்தைந்து நிமிடம் போனது. கிணற்றுக்குள் நின்று பேசுவது மாதிரி இருந்தது.

செப்டம்பர் 30, வியாழன்

பலகையைவிட்டுத் திரும்பும்போது மூன்று கைகள் தூக்கியிருந்தன. நான் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்கள். "சந்தேகமா? கேளுங்க" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள், இல்லை என்று.

அக்டோபர் 1, வெள்ளி

சிறுதேர்வு வைத்தேன், இருபதுக்கு. வீட்டுப் பிள்ளைகளின் சராசரி பதினாறு. எதிரில் உட்கார்ந்து படிப்பவர்களின் சராசரி ஒன்பது. இருபத்தாறு வருடத்தில் என் வகுப்பு ஒன்பது வாங்கியதில்லை.

செல்வி டெய்லர்ஸ் இன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

அக்டோபர் 3, ஞாயிறு

காலையில் கோழிக் குழம்பு. மதியம் இரண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். வகுப்புகள் எல்லாம் பதிவாகி இருக்கும், நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தன் மூஞ்சியைத் தானே யார் பார்ப்பார்கள்? எங்கே நடத்தியது சரியில்லை என்று கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். ஹெட்செட்டைப் போட்டு ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றினேன்.

மேசை மேல் இருந்த அந்த வட்ட மைக் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது.

செப்டம்பர் 3. நான் பலகையில் எழுதுகிறேன். பின்னால் "மேம்." கொஞ்சம் விட்டு, "மேம்." இன்னொரு குரல், "மேம், ஒரு டவுட்." நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். திரும்பி, அந்தப் பக்கமே பார்த்துவிட்டு, "டவுட் ஒன்னும் இல்லையே? குட்" என்று அடுத்த பக்கத்துக்குப் போகிறேன்.

செப்டம்பர் 7-இல் ஒரு பையன், "மேமுக்குக் கேக்கல போலடா." பக்கத்தில் உள்ளவன், "சும்மா இரு. ஆபீஸ்ல தெரிஞ்சா அவங்கள அனுப்பிருவாங்க." வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது அத்தனையும் கேட்டிருக்கும். அவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பர் 8. "மேம், கேத்தோட்ல ஏன்..." என்று ஒரு பெண் இழுக்கிறாள். நான் அவளைத் தாண்டிப் போகிறேன். இன்னொரு மெல்லிய குரல்: "இருடி, நான் அடிக்கிறேன்." பத்து விநாடி. நான் லேப்டாப்பைக் குனிந்து பார்த்துப் பூரித்துப்போய்ச் சொல்கிறேன், "அட, செல்வி டெய்லர்ஸ் அருமையா ஒரு கேள்வி கேட்டிருக்காங்க பாருங்க."

இதற்கப்புறம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. செப்டம்பர் 17-ஐப் போட்டேன், மரக்கட்டைகள் என்று நான் திட்டியதைக் கேட்டேன். 24-ஐப் போட்டேன். யாரோ ஒருத்தி வீட்டில் அவள் தம்பி துண்டோடு கேமராவுக்குக் குறுக்கே ஓடியிருக்கிறான், அந்த மெல்லிய குரல் அதைப் பெஞ்சுக்குச் சொல்லியிருக்கிறது, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அதைத்தான் அந்தப் பெண் என்னிடம் சொல்லியும் இருக்கிறாள்.

கடைசியாக 27. "யாருக்கு அனுப்பறே?" என்று என் குரல். கேட்கவே கூசுகிற குரல். அதற்கு மோனிஷா பதில் சொல்கிறாள். தெளிவாக, மெதுவாகச் சொல்கிறாள்: "மேம், நான்தான் செல்வி டெய்லர்ஸ்."

நான், "வாயில கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு."

அவள் அப்புறம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாள்? சத்தமாகச் சொன்னால் அலுவலகம் வரைக்கும் கேட்குமே.

ஹெட்செட்டைக் கழற்றினேன். இவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். அழுதேன். அழுகிற சத்தம் எனக்கு எவ்வளவு கேட்டதோ, தெருவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

அக்டோபர் 4, திங்கள்

பள்ளி முடிந்து நேராகச் செல்வி டெய்லர்ஸுக்குப் போனேன். மங்கலம் சாலையில் தறிக் கூடங்களைத் தாண்டி, ஒற்றை அறை. முன்பாதி கடை, பின்பாதி வீடு. இரண்டு தையல் மெஷின். மோனிஷா தரையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு நின்றாள்.

அவள் அம்மா செல்வி மெஷினை நிறுத்தி ஏதோ கேட்டாள். மாஸ்க் அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

"மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்கிச் சொல்லுங்கம்மா," என்றேன். "எனக்குக் காது கேக்காது."

நாலு வருடமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்த வாக்கியம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சொன்னதும் கால் வலித்தது. ஒரு மாதமாக நடந்துகொண்டே இருந்த வலி எல்லாம் அப்போதுதான் தெரிந்தது. வெட்டும் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி மாஸ்க்கை இறக்கினாள். "அன்னைக்கு வராந்தாவுல என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எம்புள்ள வெளையாட்டுக்குப் போனு எடுத்துட்டு வரலீங்க டீச்சர், உங்களுக்கோசரந்தான் எடுத்துட்டு வந்தான்னு சொன்னனுங்க," என்றாள். "ஆபீசுல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா. அதான் வெளிய வந்து சொன்னன். நீங்க தலைய ஆட்டிப்போட்டு ரூல்ஸு ரூல்ஸுதான்னீங்க. எல்லாந் தெரிஞ்சும் இப்படிச் சொல்றாங்களேன்னு எனக்கு ஆறவே இல்லீங்க."

மோனிஷாவைப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

அவளும் மாஸ்க்கை இறக்கினாள். இந்த வருடம் அவள் முகத்தை முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேல் உதட்டுக்கு மேலே சின்னதாக ஒரு மச்சம்.

"எங்கப்பா பதினெட்டு வருசம் தறி ஓட்டுனாருங்க மேம்," என்றாள் நிறுத்தி நிறுத்தி. "அந்தச் சத்தத்துல அவரும் இப்படித்தான் ஆனாரு. கேக்கலைன்னா சிரிச்சுட்டுத் தலையாட்டுவாரு. ஃபேனைக் கொற சொல்வாரு."

"போன் இல்லாம கடை எப்படி நடக்குது?" என்றேன்.

"ஒம்பதுல இருந்து மூணு வரைக்கும் ஆராச்சும் துணி குடுக்கோணும்னா நேர்ல வரட்டும்னு இருந்தனுங்க," என்றாள் செல்வி. "இப்ப ராவும் பகலும் நேர்லதான் வரோணும்."

மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் ஒரு தடவை, மகளிடம் ஒரு தடவை. மோனிஷா "பரவால்லீங்க மேம்" என்றாள். பரவாயில்லாமல் இல்லை. ஒரு வாரப் பாடம் அவளுக்குப் போயிருக்கிறது, அதை யார் கொடுப்பது? நாளையிலிருந்து சாயங்காலம் நானே வந்து நடத்துவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 5, செவ்வாய்

தாளாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாங்க மேடம்?"

"நாலு வருசமாங்க சார்."

"இத்தன நாளும் எப்படி ஓட்டுனீங்க?"

"உதட்டைப் பாத்து சார். போன மாசம் அந்தப் புள்ளதான் ஓட்டுச்சு."

அவர் கோபப்பட்டது நியாயம்தான். என்னிடம் முன்னமே சொல்லியிருக்க வேண்டாமா என்றார். மற்ற ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டச் சொன்னேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "காதுக்கு மெஷின் வாங்கிப் போடுங்க. டிசம்பர் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு பேரண்ட் வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணுனாலும் கிளாஸ் அருள்மொழிக்குத்தான்." சரி என்றேன். மோனிஷா பள்ளிக்குத் திரும்பலாம் என்றார். போன் மட்டும் முடியாது, ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு நாற்பது பேரும் கொண்டுவருவார்கள் என்றார்.

"அப்ப நான் கிளாசுக்குப் போகலைங்க சார்," என்றேன். மிரட்டல் இல்லை, உண்மையைத்தான் சொன்னேன். அந்தப் போன் இல்லாமல் நான் அந்த அறையில் நிற்பது இருபத்து நான்கு பேருக்குச் செய்யும் துரோகம்.

வேதியியல் பாடவேளையில் மட்டும், பெஞ்சின் மேல், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 6, புதன்

இவரோடு கோயம்புத்தூர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நிறைய நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தேன். படிக்கட்டு இன்னும் இரண்டு படி இறங்கியிருக்கிறது. மெஷின் வர இரண்டு வாரம் ஆகும். வாங்கினாலும் எல்லாம் பழைய மாதிரி கேட்காது, பழக வேண்டும் என்றார் டாக்டர், மாஸ்க்குக்குள்ளிருந்து. பக்கத்தில் இருந்த இவர் ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார்.

திரும்பும்போது புதுக் குக்கர் பார்க்கலாமா என்று கேட்டார். "பழசே நல்லாத்தான் இருக்கு, எண்ணி அணைக்கறது இனி உங்க வேல" என்றேன்.

அக்டோபர் 7, வியாழன்

வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்ப் பலகையில் இன்றைய சமன்பாடுகளை எழுதி வைத்தேன். பர்மாங்கனேட் அயனி, அமில ஊடகம். என்ன பேச வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மணி அடித்திருக்க வேண்டும், பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். மோனிஷா முதல் பெஞ்சுக்கு மாறி, போனை எடுத்து மேலே வைத்தாள். லேப்டாப்பில் பதினேழு கட்டங்கள், பதினெட்டாவதாகச் செல்வி டெய்லர்ஸ்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்து நின்றேன். மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"எனக்குக் காது சரியாக் கேக்காது. நாலு வருசமா. நீங்க கேட்ட எத்தனையோ கேள்விக்கு நான் பதில் சொல்லாமப் போயிருக்கேன். உங்களை மரக்கட்டைன்னு திட்டுனேன். அது தப்பு."

பெஞ்சில் யாரும் அசையவில்லை. லேப்டாப்பிலும் யாரும் அசையவில்லை, நெட் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். இதற்கு மேல் நின்றால் பிள்ளைகள் முன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியபோது சாட்டில் ஒரு வரி வந்தது.

செல்வி டெய்லர்ஸ்: 'தெரியும் மேம். ரெண்டாவது வரில எலக்ட்ரான் அஞ்சு வரணும். நீங்க மூணு போட்டிருக்கீங்க.'

திரும்பிப் பார்த்தேன். மூன்றுதான் போட்டிருந்தேன். அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

வகுப்பைப் பார்த்தபோது தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கட்டங்களில் பதினேழு பேரும் பல்லைக் காட்டினார்கள். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன், சரியான இடத்தில்.